பெட்ரோலா, மின்சாரமா? பைக் விலையைத் தீர்மானிக்கும் தில்லி முடிவுகள்

நொய்டா, காஜியாபாத், பரீதாபாத் ஆகிய நகரங்களிலிருந்து நாள்தோறும் காலையில் தலைநகருக்குள் நுழையும் இருசக்கர வாகனங்களில் பெரும்பாலானவை ஆசைக்காக வாங்கப்பட்டவை அல்ல. வீட்டிலிருந்து மெட்ரோ நிலையம் தொலைவில் இருப்பது, இரவுப் பணி முடிந்து திரும்பும் வேளையில் பேருந்து கிடைக்காதது, வாடகை குறைந்த இடத்தைத் தேடி நகரின் எல்லைக்கு அப்பால் குடியேறியது ஆகியவையே அவற்றை வாங்க வைத்த காரணங்கள். அலுவலக உதவியாளர், கடை ஊழியர், மின்பணியாளர், உணவு விநியோகிக்கும் இளைஞர் என அவற்றை ஓட்டுவோரில் பலருக்கு வாழ்நாளில் வாங்கும் மிகப் பெரிய பொருள் அந்த பைக்தான். நிலமோ, வீடோ அவர்களுடைய கணக்கில் இல்லை.

2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்பனையான இருசக்கர வாகனங்களின் எண்ணிக்கை சுமார் 1.96 கோடி. அவற்றில் சுமார் 1.22 கோடி மோட்டார் சைக்கிள்கள். 68 லட்சம் ஸ்கூட்டர்கள். அதே ஆண்டில் பதிவான மின்சார இருசக்கர வாகனங்கள் ஏறத்தாழ 11.5 லட்சம். அதாவது, நூறு பேர் புதிய வண்டி வாங்கினால் அவர்களில் ஆறு பேர் மட்டுமே மின்சாரத்துக்கு மாறியிருக்கின்றனர். மீதமுள்ளோர் ஏன் தயங்குகின்றனர் என்ற கேள்விக்கு பேட்டரி, சார்ஜர், விலை என்று பல பதில்கள் கூறப்படுகின்றன. ஆனால், தில்லியில் எடுக்கப்பட்ட முடிவுகள் கடந்த சில ஆண்டுகளில் எத்தனை முறை திசை மாறின என்பது போதிய அளவில் பேசப்படுவதில்லை. வண்டி வாங்கச் செல்பவர் ஷோரூமில் கேட்கும் விலையில் வரி, மானியம், காப்பீடு, புகை விதி என அரசின் கை படாத பகுதி குறைவு.

ஆடம்பரமா, அவசியமா?

2017-ஆம் ஆண்டு ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி அமலுக்கு வந்தபோது, இருசக்கர வாகனங்கள் 28 சதவீத அடுக்கில் வைக்கப்பட்டன. சிகரெட்டும் பான் மசாலாவும் சொகுசுக் கார்களும் இருந்த அடுக்கு அது. நூறு சிசி பைக்கில் குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குச் செல்பவர் இந்த வரிசையில் எப்படிச் சேர்ந்தார் என்று வாகனத் தயாரிப்பாளர்கள் தொடர்ந்து கேட்டு வந்தனர். இருசக்கர வாகனம் ஆடம்பரப் பொருளோ, தீய பழக்கத்துக்கான பொருளோ அல்ல. எனவே வரி விகிதம் மறுபரிசீலனைக்கு உரியது என்ற கருத்தை 2020 ஆகஸ்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே தொழில்துறையினரிடம் தெரிவித்தார். அந்த மறுபரிசீலனை நடைமுறைக்கு வர மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின. 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் எடுத்த முடிவின்படி, அம்மாதம் 22-ஆம் தேதி முதல் 350 சிசி வரையிலான வாகனங்களுக்கு வரி 18 சதவீதமாகக் குறைந்தது. 350 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம் விதிக்கப்பட்டது.

இதன் பொருளை ஓர் உதாரணத்தில் காணலாம். வரிக்கு முன் 60 ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள பைக்கின் விலை பழைய விகிதத்தில் ரூ. 76,800. புதிய விகிதத்தில் ரூ. 70,800. சாமானியருக்கு 6 ஆயிரம் ரூபாய் மிச்சம் என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், மின்சார வாகனத்துக்கான வரி 2019 ஆகஸ்ட் 1 முதல் 5 சதவீதம். இரண்டுக்கும் இடையே 23 சதவீதமாக இருந்த வரி வித்தியாசம் ஒரே நாளில் 13 சதவீதமாகச் சுருங்கியது. பெட்ரோலிலிருந்து மக்களை மின்சாரத்துக்கு மாற்ற வேண்டும் என்று கூறும் அதே அரசு, பெட்ரோல் வண்டியின் பக்கம் தராசைச் சற்றே சாய்த்துவிட்டது. ஏழை வாங்கும் பைக்கின் வரியைக் குறைத்தது தவறல்ல. அதனால் மின்சார வாகனம் இழந்த சாதகத்தை எவ்வாறு ஈடுகட்டுவது என்பது குறித்துத்தான் கவுன்சிலிடமிருந்து எந்த அறிகுறியும் வரவில்லை.

மானியத்தின் ஏற்றமும் இறக்கமும்

வரியாவது எட்டு ஆண்டுகள் நிலையாக இருந்தது. மானியத்தின் கதை வேறு.

மின்சார வாகனங்களை ஊக்குவிக்க 2015 ஏப்ரலில் தொடங்கப்பட்ட 'ஃபேம்' திட்டத்தின் இரண்டாம் கட்டம், ரூ. 10 ஆயிரம் கோடி ஒதுக்கீட்டுடன் 2019 ஏப்ரலில் அமலானது. இருசக்கர வாகனங்களுக்கு பேட்டரியின் கொள்ளளவில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 10 ஆயிரம் ரூபாய் என்றும், வாகன விலையில் 20 சதவீதத்துக்கு மிகாமலும் மானியம் நிர்ணயிக்கப்பட்டது. விற்பனை எதிர்பார்த்தபடி இல்லை என்பதால் 2021 ஜூனில் இது யூனிட்டுக்கு 15 ஆயிரம் ரூபாயாகவும், உச்சவரம்பு 40 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டன. விற்பனை சூடுபிடித்தது. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 ஜூன் 1 முதல் மானியம் மீண்டும் 10 ஆயிரம் ரூபாய்க்கும், உச்சவரம்பு 15 சதவீதத்துக்கும் இறக்கப்பட்டன. அந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிய விற்பனை, ஜூனில் அதில் பாதிக்கும் கீழே சரிந்தது.

2024 மார்ச்சுடன் 'ஃபேம்' முடிவுக்கு வந்தது. அடுத்து வந்த இடைக்காலத் திட்டத்தில் யூனிட்டுக்கு ரூ. 5 ஆயிரம், வாகனத்துக்கு அதிகபட்சம் ரூ. 10 ஆயிரம். 2024 அக்டோபரில் தொடங்கிய 'பி.எம். இ-டிரைவ்' திட்டத்தில் முதல் நிதியாண்டில் அதே தொகை. இரண்டாம் நிதியாண்டில் அதில் பாதி. திட்டத்தின் காலம் 2028 வரை நீட்டிக்கப்பட்டபோதும், இருசக்கர வாகனங்களுக்கான மானியம் 2026 மார்ச் 31-உடன் நிறைவடையும் என்று 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது.

ஆறு ஆண்டுகளுக்குள் இத்தனை மாற்றங்கள். மே மாதத்தில் வாங்கியவருக்கு ஒரு விலை. சம்பளம் வரட்டும் என்று ஜூன் வரை காத்திருந்தவருக்கு வேறு விலை. தொழில்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கவனிக்கத் தவறவில்லை. திமுக உறுப்பினர் திருச்சி சிவா தலைமையிலான அக்குழு 2023 டிசம்பரில் அளித்த அறிக்கையில், இருசக்கர வாகனங்களுக்கான மானியத்தைப் பழைய அளவுக்கே மீட்டளிக்குமாறும், திட்டத்தை மேலும் நீட்டிக்குமாறும் பரிந்துரைத்தது. அதற்குப் பின் நடந்தவை நேர்மாறானவை. நிலைக்குழு அறிக்கைகள் அவையில் தாக்கலாகி, நூலக அலமாரிக்குச் செல்வது புதிதல்ல.

அரசின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. உள்நாட்டு உதிரிபாகங்களைப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையை மீறி மானியம் பெற்றதாகச் சில நிறுவனங்கள் மீது கனரகத் தொழில் அமைச்சகம் நடவடிக்கை எடுத்து, தொகையைத் திருப்பிக் கேட்டது. மானியத்துக்கான விலை வரம்புக்குள் வண்டியைக் காட்டுவதற்காக சார்ஜருக்குத் தனியாகப் பணம் வசூலித்த நிறுவனங்கள், அதை வாடிக்கையாளர்களிடம் திருப்பித் தர நேர்ந்தது. மக்களுக்கான சலுகை நிறுவனங்களின் கணக்கில் தங்கிவிடக் கூடாது என்ற அக்கறை சரியானதே. ஆயினும், நிறுவனங்கள் செய்த தவறுக்கும் வாங்குவோருக்கான சலுகை குறைந்ததற்கும் இடையே அகப்பட்டவர் வாடிக்கையாளர்.

தில்லி அரசின் அனுபவம் இன்னொரு பாடம். 2020 ஆகஸ்டில் வெளியான அதன் மின்வாகனக் கொள்கை, இருசக்கர வாகனத்துக்கு அதிகபட்சமாக ரூ. 30 ஆயிரம் வரை மானியமும், சாலை வரி மற்றும் பதிவுக் கட்டண விலக்கும் அறிவித்தது. 2024-க்குள் புதிதாகப் பதிவாகும் வாகனங்களில் நான்கில் ஒன்று மின்சார வாகனமாக இருக்கும் என்ற அதன் இலக்கு எட்டப்படவில்லை. 2023 ஆகஸ்டில் காலாவதியான அக்கொள்கை, புதிய கொள்கை வராத நிலையில் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. மத்திய அரசின் மானியம் வண்டியின் விலையிலேயே கழித்துக்கொள்ளப்பட்டது. தில்லி அரசின் மானியமோ, முழு விலையையும் கொடுத்து வாங்கிய பின்னர் வங்கிக் கணக்கில் வந்து சேர வேண்டியது. அது மாதக்கணக்கில் நிலுவையில் நின்றதால் கடனில் வண்டி வாங்கியவர்கள் வட்டியையும் சேர்த்துச் சுமந்தனர். எனவே, எந்த மாநிலத்தில் வண்டி வாங்குவோரும் விலைப்பட்டியலில் கழிக்கப்பட்டிருக்கும் சலுகையை மட்டுமே நம்பித் தவணையைக் கணக்கிடுவது நல்லது. பின்னர் வரும் என்று சொல்லப்படும் தொகை, வந்தால் லாபம்.

கிலோமீட்டர் கணக்கு

மானியம் இல்லாவிட்டால் மின்சார வண்டி கட்டுப்படியாகுமா? இதற்கான பதில் வாங்குபவர் நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்தது.

நொய்டாவிலிருந்து மத்திய தில்லிக்கு வந்து திரும்பும் ஒருவர் நாளொன்றுக்கு 40 கி.மீ. வீதம் மாதத்தில் 25 நாள்கள் ஓட்டுவதாகக் கொள்வோம். மாதம் ஆயிரம் கி.மீ. லிட்டருக்கு 50 கி.மீ. தரும் பெட்ரோல் வண்டிக்கு 20 லிட்டர் தேவை. லிட்டர் 95 ரூபாய் என்றால் மாதச் செலவு ரூ. 1,900. மின்சார ஸ்கூட்டர் ஒன்று, சார்ஜ் ஆகும்போது வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்து, யூனிட்டுக்கு 25 கி.மீ. ஓடுவதாகக் கொண்டால் 40 யூனிட்டுகள். யூனிட் 6 ரூபாய் என்றால் ரூ. 240. மாதம் ரூ. 1,660 மிச்சம், ஆண்டுக்கு ஏறத்தாழ 20 ஆயிரம். எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக் செலவும் இல்லை. மின்சார வண்டியின் விலை 35 ஆயிரம் ரூபாய் அதிகம் என்றாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் அது ஈடாகிவிடும்.

இனி, வீட்டிலிருந்து மெட்ரோ நிலையம் வரை மட்டும் செல்பவரைப் பார்ப்போம். போக வர நாளொன்றுக்கு 10 கி.மீ. மாதத்துக்கு 5 லிட்டர் பெட்ரோல், ரூ. 475. மின்சாரத்துக்கு ரூ. 60. ஆண்டு மிச்சம் 5 ஆயிரத்தைத் தொடாது. அதே 35 ஆயிரம் ரூபாயை ஈடுகட்ட ஏழு ஆண்டுகள் ஆகும். அதற்குள் பேட்டரியின் உத்தரவாதமே முடிந்துவிடக் கூடும். வாகன விலையில் 30 முதல் 40 சதவீதம் பேட்டரிக்கே உரியது என்று 2020-இல் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே குறிப்பிட்டது. ஆகவே, மின்சார வண்டி அதிகம் ஓட்டுபவருக்கே மலிவு. குறைவாக ஓட்டுபவர் மாசைக் குறைக்க விரும்பி வாங்கலாம். பணத்தை மிச்சப்படுத்த என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். விளம்பரங்களில் இரண்டாவது கணக்கு இடம்பெறுவதில்லை.

இதிலும் தில்லிவாசிகள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 2019 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தின்படி, மாதம் 200 யூனிட்டுகள் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு மின்கட்டணம் இல்லை. 201 முதல் 400 யூனிட்டுகள் வரை என்றால் பாதிச் சலுகை மட்டுமே. மாதம் 180 யூனிட்டுகள் செலவிடும் குடும்பம் ஒன்று ஸ்கூட்டருக்காக 40 யூனிட்டுகளைக் கூட்டினால், அந்த வீட்டின் மின்கட்டணம் பூஜ்யத்திலிருந்து நேராகச் சில நூறு ரூபாய்க்குத் தாவிவிடும். ஸ்கூட்டருக்கு ஆன செலவு ரூ. 240 அல்ல, முழு வீட்டுக்கான கட்டணமும்தான். மின்வாகனங்களுக்கெனத் தனி இணைப்பும், தனிக் கட்டண விகிதமும் தில்லியில் உள்ளன. இத்தகைய குடும்பங்கள் அதைக் கேட்டுப் பெறுவது பயனளிக்கும்.

சார்ஜ் செய்ய இடம் எங்கே?

பணக் கணக்கு சரியாக வந்தாலும் அடுத்த தடை வீட்டு வாசலில் காத்திருக்கிறது. லட்சுமி நகர், உத்தம் நகர் போன்ற பகுதிகளில் மூன்றாவது, நான்காவது மாடியில் வாடகைக்குக் குடியிருப்போருக்கு வண்டியைத் தெருவில் நிறுத்தவே இடம் கிடைப்பதில்லை. மாடியிலிருந்து கம்பியைத் தொங்கவிட்டு சார்ஜ் செய்வது ஆபத்தானது. வீட்டின் உரிமையாளர் கீழ்த்தளத்தில் பிளக் வைக்க அனுமதிப்பது அவரவர் அதிர்ஷ்டம். வீட்டிலோ அலுவலகத்திலோ ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலேயே வாகனத்தை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகக் கூறியது. ஆனால், வாடகைதாரருக்கு பிளக் தர வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

இவர்களுக்கு உகந்தவை பேட்டரியைக் கழற்றி மாடிக்கு எடுத்துச் செல்லக்கூடிய வண்டிகள். பேட்டரியின் எடையைக் கடையிலேயே தூக்கிப் பார்ப்பது உசிதம். பத்து கிலோவை நாள்தோறும் நான்கு மாடிக்குச் சுமக்கும் உற்சாகம் முதல் வாரத்துக்குப் பின் இருக்காது. பேட்டரியை மாற்றித்தரும் நிலையங்கள் அருகில் இருந்தால் அதுவும் ஒரு வழி. பேட்டரி இல்லாமலே மின்வாகனத்தை விற்கவும் பதிவு செய்யவும் 2020 ஆகஸ்டில் அனுமதி அளிக்கப்பட்டது.

ஓட்டுநர் உரிமமும் பதிவெண்ணும் வேண்டாம் என்று விற்கப்படும் சிறிய வண்டிகளைப் பற்றியும் ஒரு சொல். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கு மிகாமலும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கு மிகாமலும் இருந்தால் மட்டுமே சட்டம் இந்த விலக்கை அளிக்கிறது. அதைவிட வேகமாக ஓடும் வண்டியைப் பதிவில்லாமல் ஓட்டி விபத்தில் சிக்கினால் காப்பீடும் இல்லை, இழப்பீட்டுப் பொறுப்பும் ஓட்டியவர் தலையில்.

தீயும் சேவையும்

2022 மார்ச்சில் வேலூரில் மின்சார ஸ்கூட்டர் சார்ஜ் ஏறும்போது தீப்பற்றியதில் தந்தையும் மகளும் உயிரிழந்தது தமிழக வாசகர்கள் மறந்திருக்க முடியாத துயரம். அதே வாரங்களில் புணே உள்ளிட்ட பல நகரங்களிலும் ஸ்கூட்டர்கள் எரிந்தன. அலட்சியம் நிரூபணமானால் கடும் அபராதம் விதிக்கப்படும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி எச்சரித்தார். பேட்டரிக்கான பாதுகாப்புத் தர விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரு கட்டங்களில் அமலாயின. எனவே, பழைய மின்சார ஸ்கூட்டரை மலிவாக வாங்க நினைப்போர் அது தயாரான மாதத்தைப் பதிவுச் சான்றில் பார்ப்பது அவசியம். ஓடி வந்த சூட்டிலேயே சார்ஜ் போடாமல் பேட்டரி ஆறும்வரை பொறுப்பதும், நிறுவனம் அளித்த சார்ஜரையே பயன்படுத்துவதும், படுக்கையறையில் சார்ஜ் செய்யாதிருப்பதும் கட்டாயம். 45 டிகிரி வெயில் கொளுத்தும் வடஇந்தியக் கோடையில் இது வெறும் உபதேசம் அல்ல.

இன்று வாங்குவோரை அதிகம் வருத்துவது தீயைவிட பழுதுபார்ப்புச் சேவைதான். விற்பனையில் முன்னணியில் இருந்த ஒரு நிறுவனத்தின் மீது தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் 10 ஆயிரத்துக்கும் அதிகமான புகார்கள் குவிந்ததையடுத்து, 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதற்கு நோட்டீஸ் அனுப்பியது. தெருமுனை மெக்கானிக் பெட்ரோல் பைக்கை அரை மணியில் சரிசெய்துவிடுவார். மென்பொருள் கோளாறு என்றால் நிறுவனத்தின் சேவை மையத்தைத் தவிர வேறு கதியில்லை. ஆகவே, ஷோரூமுக்குச் செல்லும் முன் அந்நிறுவனத்தின் சேவை மையத்துக்கு ஒருமுறை சென்று, அங்கே எத்தனை வண்டிகள் எத்தனை நாள்களாக நிற்கின்றன என்று காத்திருப்போரிடம் விசாரிப்பது எந்த விளம்பரத்தையும்விட அதிக விவரம் தரும். பேட்டரிக்கு மூன்று ஆண்டு உத்தரவாதம் வழக்கமாக இருந்த நிலை மாறி, எட்டு ஆண்டுகள் அல்லது 80 ஆயிரம் கி.மீ. வரை உத்தரவாதம் தரும் நிறுவனங்களும் உள்ளன. பேட்டரியின் திறன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே குறைந்தால் மாற்றித் தருவார்கள் என்ற ஒரு வரியை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஒரு முறை சார்ஜில் ஓடும் என்று அட்டையில் அச்சிட்ட தூரம் சோதனைக் கூடத்துக்கு உரியது. பின்னிருக்கையில் ஒருவரை ஏற்றிக்கொண்டு மேம்பாலங்களைக் கடக்கும்போது அதில் முக்கால் பங்கு கிடைத்தால் நன்று.

பெட்ரோல் பைக்கின் நிலை

மின்சார வாகனச் சந்தை ஏறத்தாழ முழுவதும் ஸ்கூட்டர்களால் ஆனது. ஒசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் உள்ள தொழிற்சாலைகள் அதில் பெரும் பங்கு வகிப்பது தமிழகத்துக்குப் பெருமை. ஆனால், மோட்டார் சைக்கிள் என்று வரும்போது 2019-இல் வந்த 'ரிவோல்ட்' தொடங்கி விரல்விட்டு எண்ணக்கூடிய மாடல்களே உள்ளன. உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் மண் சாலையில் மூவரை ஏற்றிச் செல்லும் நூறு சிசி பைக்குக்கு அந்த விலையில் மாற்று இன்னும் கிடைக்கவில்லை. 150 சிசிக்குக் குறைவான வாகனங்கள் 2025 மார்ச்சுக்குப் பின் மின்சாரத்தில் இயங்குபவையாக மட்டுமே விற்கப்பட வேண்டும் என்று 2019-இல் நீதி ஆயோக் முன்வைத்த யோசனை, தயாரிப்பாளர்களின் எதிர்ப்பில் கரைந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் கெடு சத்தமின்றி வந்து போனது.

பெட்ரோல் வண்டி வாங்குவோர் அறிய வேண்டிய மாற்றங்களும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பி.எஸ்.-6 புகை விதி அமலில் உள்ளது. அதனால் கார்பரேட்டர் போய், மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் அமைப்பு வந்தது. புகை குறைந்தது, விலை உயர்ந்தது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கு 2025-இல் எட்டப்பட்டது. 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகள் அக்கலவைக்கு ஏற்ற பாகங்களைக் கொண்டவை. பழைய வண்டியை வாங்குவோருக்கு இதிலும் தயாரிப்பு ஆண்டு முக்கியம். 2024 ஜூலையில் பஜாஜ் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'ஃப்ரீடம் 125' இயற்கை எரிவாயுவில் ஓடும் உலகின் முதல் பைக். எரிவாயு நிலையங்கள் நிறைந்த தில்லியில் அது யோசிக்கத்தக்கது. நிலையங்களில் ஆட்டோக்களின் பின்னே வரிசையில் நிற்கும் பொறுமை வேண்டும்.

15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்கள் தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்ற தடை, வாங்குவோரை வெகுவாக அச்சுறுத்தி வந்தது. 2025 ஜூலையில் இத்தகைய வாகனங்களுக்கு பெட்ரோல் நிலையங்களில் எரிபொருள் மறுக்கும் முயற்சி எதிர்ப்பால் சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. வயதின் அடிப்படையில் மட்டும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்ற உச்சநீதிமன்றத்தின் பாதுகாப்பு, அதே ஆண்டு டிசம்பர் உத்தரவின்படி பி.எஸ்.-4 மற்றும் அதற்கு மேற்பட்ட தரமுடைய வாகனங்களுக்கு உரியதாயிற்று. நீதிமன்ற உத்தரவுகள் சந்தையை எப்படிப் புரட்டும் என்பதற்கு 2017 மார்ச் 29 சாட்சி. பி.எஸ்.-3 வாகனங்களை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று அன்று தீர்ப்பு வந்ததும், கையிருப்பைத் தீர்க்க பைக்குகளின் விலையில் ஆயிரக்கணக்கான ரூபாயைக் குறைத்த ஷோரூம்கள் முன் இரண்டு நாள்கள் கூட்டம் அலைமோதியது.

தலைக்கவசமும் பிரேக்கும்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாததால் உயிரிழந்தோர் 50 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் 14 ஆயிரம் பேர் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தவர்கள். 2019 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், தலைக்கவசம் அணியாததற்கான அபராதத்தை ஆயிரம் ரூபாயாக உயர்த்தியது. குஜராத் போன்ற மாநிலங்கள் சில நாள்களிலேயே அதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டன. வாக்காளர்களின் கோபத்துக்கு அஞ்சிய அவை, அவர்களின் உயிருக்கு அஞ்சியதாகத் தெரியவில்லை.

விபத்தைத் தடுப்பதில் பிரேக்கின் பங்கும் பெரிது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். 125 சிசி மற்றும் அதற்குக் கீழ் ஒரே பிடியில் இரு சக்கரங்களையும் நிறுத்தும் சிபிஎஸ் இருந்தால் போதும். சாமானியர் ஓட்டும் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டாவது வகையில் அடங்குபவை. மழை பெய்த முதல் நாள் சாலையில் எண்ணெய்ப் படலம் மிதக்கும்போதும், டிசம்பர் பனிமூட்டத்தில் முன்னே நிற்கும் லாரி பத்தடி தொலைவில் திடீரெனத் தென்படும்போதும் இரு முறைகளுக்கும் உள்ள வித்தியாசம் எலும்பு முறிவுக்கும் வெறும் திடுக்கிடலுக்கும் உள்ள வித்தியாசம். இயன்றவர்கள் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து ஏபிஎஸ் உள்ள மாடலையே தேர்ந்தெடுக்கலாம். அலங்கார விளக்குகளைவிட அதற்குச் செலவிடும் பணம் பொருளுள்ளது.

மின்சார வண்டிக்குப் புதிதாக மாறுவோர் இன்னொன்றையும் பழக வேண்டியிருக்கும். கைப்பிடியைத் திருகியதும் முழு வேகமும் உடனே பாயும். திருகலை விட்டதும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஓசையின்மை காரணமாகப் பாதசாரிகள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முதல் வாரம் குறைந்த வேக நிலையிலேயே ஓட்டுவது நலம்.

காப்பீட்டில் மின்சார வண்டிக்குச் சிறு சலுகை உண்டு. 2022 ஜூனில் அமலான விகிதப்படி, 75 முதல் 150 சிசி வரையிலான புதிய பெட்ரோல் வண்டிக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் ரூ. 3,851. மூன்று முதல் ஏழு கிலோவாட் வரையிலான மின்சார வண்டிக்கு ரூ. 3,273. இதற்கு மேல் விற்பனையாளர் சேர்க்கும் சொந்தச் சேதக் காப்பீட்டையும், 'கையாளும் கட்டணம்' போன்ற பெயர்களில் சேரும் தொகைகளையும் வரிவரியாகக் கேட்டறிய வேண்டும். வண்டி வாங்கும்போதே தரச் சான்று பெற்ற தலைக்கவசம் ஒன்றை நிறுவனம் வழங்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 கூறுகிறது. பல ஷோரூம்களில் இது தனி விலை போட்டு விற்கப்படுகிறது. கேட்டும் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் அழைக்கலாம். எல்லா இருசக்கர வாகனங்களுக்கும் ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கவும், வாங்குவோருக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு தலைக்கவசங்கள் வழங்கவும் 2025 ஜூனில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வரைவு அறிவிக்கை வெளியிட்டது. ஏபிஎஸ்ஸால் விலை உயரும் என்று கூறி தயாரிப்பாளர்கள் அவகாசம் கோரினர். இரண்டாவது தலைக்கவசம் யாருக்கு என்பதை 2022-ஆம் ஆண்டின் அந்த 14 ஆயிரம் பேர் கணக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டது.